மாரிஸ் மைனர் டாஷ்போர்டு வயரிங்: தொங்கும் வயர்களை எப்படி அடையாளம் கண்டு சேர்ப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா வைத்திருந்த 1963 மாடல் மாரிஸ் மைனர் 1000. டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்து பளபளவென்று நிற்கிறது. பெயிண்டுக்காக டாஷ்போர்டைக் கழற்றியவர்கள் போட்டோ எடுக்கவில்லை, டேக் கட்டவில்லை. இப்போது ஒரு கொத்து வயர் தொங்குகிறது. ஊகத்தில் சிலவற்றை மாட்டிப் பார்த்ததில் மூன்று சிக்கல்: பெட்ரோல் முள் எப்போதும் 'ஃபுல்'லில் நிற்கிறது. எஞ்சின் ஓடினாலும் சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு அணைவதில்லை. பார்க்கிங் லைட் போட்டால், பிரைட்டுக்கு எரிய வேண்டிய நீல விளக்கு மங்கலாக எரிகிறது, மீட்டர் விளக்குகளும் டல்லாக இருக்கின்றன. எலக்ட்ரீஷியன் "எல்லாத்தையும் வெட்டிட்டு புதுசா இழுத்துடலாம்" என்கிறார்.

முதல் பதில்: வெட்ட விடாதீர்கள். புது வயரிங் தேவைப்படலாம், அது வேறு விஷயம். ஆனால் பழைய ஹார்னஸ், அதாவது அந்த வயர்க் கட்டுதான், இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே வரைபடம். அதை வெட்டிவிட்டு, கடையில் கிடைத்த ஒரே சிவப்பு வயரில் முழு வண்டியையும் இழுத்தால், நாளைக்கு ராத்திரி ரோட்டில் விளக்கு அணைந்தால் எந்த மெக்கானிக்காலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வண்டியின் வயரிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. வண்டிகளுக்கு மின் பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனி பழக்கத்தில் கொண்டு வந்த நிற முறை, பிறகு பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டாகவே ஆகிவிட்டது. மாரிஸ், ஆஸ்டின், எம்ஜி, ட்ரையம்ஃப் எல்லாம் இதே முறைதான். நம்ம அம்பாசடரும் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்ததுதானே, அதனால் பழைய அம்பாசடரில் கை வைத்த எலக்ட்ரீஷியன் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் இந்த நிறங்கள் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அப்படி ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

நிறங்களைப் பார்ப்போம். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி, ஃபியூஸ் எதுவும் நடுவில் கிடையாது, எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை என்றால் சாவி போட்ட பிறகு வருவது. அதே வெள்ளை ஃபியூஸ் தாண்டினால் பச்சை ஆகிவிடும். பர்ப்பிள் என்றால் ஃபியூஸ் உண்டு, ஆனால் சாவி தேவையில்லை. ஹார்ன், உள் விளக்கு இதில் வரும். சிவப்பு பார்க்கிங், டெயில் விளக்குகளுக்கு. நீலம் ஹெட்லைட்டுக்கு. கறுப்பு எர்த், அதாவது பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. இவை அடிப்படை நிறங்கள். அதன் மேல் ஓடும் மெல்லிய கோடு, அந்த வேலைக்குள் எந்தக் கிளை என்பதைச் சொல்லும். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது இண்டிகேட்டர். பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் டேங்கிலிருந்து வருவது. பச்சையில் பர்ப்பிள் கோடு பிரேக் லைட்டுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். சிவப்பில் வெள்ளைக் கோடு மீட்டர் விளக்கு. வெள்ளையில் பிரவுன் கோடு ஆயில் விளக்கிலிருந்து எஞ்சினில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சுக்கு.

"வயரெல்லாம் ஒரே அழுக்கு பிரவுனாக இருக்கிறது, எங்கே நிறம்?" என்று கேட்பீர்கள். துணி உறை போட்ட வயர் அறுபது வருஷ வெயிலிலும் எண்ணெயிலும் அப்படித்தான் ஆகும். நுனியைப் பார்க்காதீர்கள். ஹார்னஸின் மேல் சுற்றியிருக்கும் பழைய டேப்பை இரண்டு அங்குலம் நிதானமாகப் பிரியுங்கள். வெளிச்சமே படாத அந்த இடத்தில் நிறம் அப்படியே இருக்கும். ஈரத் துணியால் லேசாகத் துடைத்தால் கோடும் தெரியும். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் பர்ப்பிளும் பிரவுனும் ஒன்றுபோல் தெரியும், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் தெரிந்ததும் அங்கேயே வெள்ளை டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி (இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் சத்தம் போடும் சோதனை) வைத்து மறு முனையையும் உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பு யாரோ இடையில் வேறு நிற வயரை ஒட்டுப் போட்டிருந்தால் இப்போதுதான் தெரிய வரும்.

பழைய ஹார்னஸை வைத்துக்கொள்வதா, புதிது போடுவதா என்பதையும் இங்கேயே தீர்மானித்துவிடலாம். ஒரு வயரை விரல் தடிமனுக்கு வளைத்துப் பாருங்கள். துணிக்குள் இருக்கும் ரப்பர் மொறமொறவென்று உடைந்தால் அந்த ஹார்னஸின் காலம் முடிந்தது. வளைந்தால் இன்னும் ஓட்டலாம். புதிது வேண்டும் என்றால், துணி உறையோடு, அதே நிறங்களில் இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள். விலை கசக்கும். இலங்கையில் மைனர் இன்றும் நிறைய ஓடுகிறது, உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. அங்கே ஆள் இருந்தால் விசாரியுங்கள். இங்கேயே செய்வதானால் ஆட்டோ வயர் மட்டும். வீட்டு வயரிங்குக்கான வயர் வேண்டாம், வண்டி அதிர்வுக்கு அது ஒத்துவராது. ஹெட்லைட்டுக்கும் பிரவுனுக்கும் டைனமோவுக்கும் தடிமனான வயர், மற்றவற்றுக்கு 1 சதுர மி.மீ. போதும். நிறம் மட்டும் மாறக் கூடாது.

அடுத்து, எதையும் மாட்டுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். இது பாசிட்டிவ் எர்த் வண்டி. பேட்டரியின் பிளஸ் பாடிக்குப் போகும், மைனஸ்தான் வயரிங்குக்குள் போகும். இதைத் தெரியாமல் இக்கால வண்டி பழக்கத்தில் மைனஸை பாடியில் மாட்டுகிறவர்கள் உண்டு. முன்பே யாராவது மாற்றியிருக்கவும் கூடும், அதனால் உறுதி செய்துகொள்ளுங்கள். பல்புக்குப் பிளஸும் மைனஸும் ஒன்றுதான், எரியும். ஆனால் டைனமோவுக்கு அது தெரியும். அப்புறம் மொபைல் சார்ஜர் மாட்டும் ஆசை வந்தால் நினைவு வையுங்கள்: பாசிட்டிவ் எர்த் வண்டியில் லைட்டர் சாக்கெட் போட்டால் அதன் வெளி வளையம் பிளஸ் ஆகிவிடும். இந்தக் கால சார்ஜர் அதைத் தாங்காது.

இப்போது டெஸ்ட் பல்ப். இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவு தேவையில்லை. இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்று, ஹோல்டர், இரண்டு கிளிப் போதும். பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் இந்த பல்பை மாட்டுங்கள். இனி வண்டிக்குள் போகும் மின்சாரம் எல்லாம் இந்த பல்ப் வழியாகத்தான் போக வேண்டும். எங்காவது ஷார்ட் ஆனால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். வயர் உருகாது, புகை வராது. எல்லா சுவிட்சும் ஆஃப் ஆக இருக்கும்போது பல்ப் அணைந்தே இருக்க வேண்டும். பிறகு ஒரு சர்க்யூட்டை மட்டும் மாட்டுங்கள், சுவிட்ச் போடுங்கள், பாருங்கள். சிறு மீட்டர் விளக்கு என்றால் அது எரியும், டெஸ்ட் பல்ப் அசையாது. ஹெட்லைட் போட்டால் டெஸ்ட் பல்ப் பளிச்சென்றும் ஹெட்லைட் மங்கியும் எரியும், அது சரிதான். சாவி போட்டு இக்னிஷன் சோதிக்கும்போது காயிலுக்கு (பிளக்குக்குப் பொறி தரும் பாகம்) போகும் வெள்ளையை மட்டும் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் காயில் இழுக்கும் கரண்டிலேயே பல்ப் எரிந்து உங்களைக் குழப்பும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்த வண்டியில் ஃபியூஸ் இரண்டுதான். ஒன்று ஃபியூஸ் பெட்டியின் A1-க்கும் A2-க்கும் நடுவில், பர்ப்பிளுக்கு. இன்னொன்று A3-க்கும் A4-க்கும் நடுவில், பச்சைக்கு. இரண்டும் 35 ஆம்பியர். ஹெட்லைட், பார்க்கிங் லைட், இக்னிஷன் மூன்றுக்கும் ஃபியூஸ் கிடையவே கிடையாது. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிரவுனோ சிவப்போ பாடியில் உரசினால், உருகுவது வயர்தான். ஒரிஜினாலிட்டி பார்க்கிறவர்கள் திட்டினாலும் சரி, பேட்டரியிலிருந்து வரும் பிரவுனில் ஒரு மெயின் ஃபியூஸும், பார்க்கிங் லைட்டின் சிவப்பில் ஒரு சின்ன இன்லைன் ஃபியூஸும் போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துக்கொள்ளலாம். ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுற்றி மாட்டும் பழக்கம் இன்னும் சில ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. அதைச் செய்கிறவரிடம் இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சேர்க்கும் வரிசை என்று ஒன்று உண்டு: எர்த், பிரவுன், வெள்ளை, பச்சை, பிறகு மீதி. பிரவுன் ஸ்டார்ட்டர் பக்கத்திலிருந்து, டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு வரும். நம்ம ஊரில் கட்-அவுட் என்பார்களே, அந்தப் பெட்டிதான். அதில் A, A1, D, F, E என்று ஐந்து முனை. பிரவுன் A-இல் சேரும். A1-லிருந்து (ஃபியூஸ் பெட்டியின் A1 வேறு) பிரவுனில் நீலக் கோடு போட்ட வயர் டாஷ்போர்டுக்கு, சாவிக்கும் லைட் சுவிட்சுக்கும் வரும். D-யும் F-உம் டைனமோவுக்கு, E எர்த். இவற்றில் பல தடித்த வயர்கள், பெரும்பாலும் யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். சாவி சுவிட்சில் பிரவுன்-நீலம் உள்ளே, வெள்ளை வெளியே. லைட் சுவிட்சில் பிரவுன்-நீலம் உள்ளே, சிவப்பும் நீலமும் வெளியே. அந்த நீலம் தரையில் காலால் மிதிக்கும் டிப் சுவிட்சுக்குப் போய், அங்கே நீலம்-வெள்ளை, நீலம்-சிவப்பு என்று இரண்டாகப் பிரியும். இந்த இடத்தில் குழப்பம் வர வாய்ப்பே இல்லை.

குழப்பம் வருவது மீட்டருக்குப் பின்னால். உங்கள் மூன்று சிக்கலில் இரண்டு அங்கேதான்.

நீல விளக்கு விஷயத்தை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் காரணம் அநேகமாக உங்கள் புதுப் பெயிண்டுதான். மீட்டர் விளக்குகளும் பிரைட்டுக்கான நீல விளக்கும் ஒற்றை வயர் ஹோல்டரில் இருப்பவை. ஹோல்டரின் உலோகம் மீட்டரின் கூட்டைத் தொட்டு, கூடு பாடியைத் தொட்டு எர்த் எடுக்க வேண்டும். கூட்டுக்கும் பாடிக்கும் நடுவில் இப்போது பிரைமர், பெயிண்ட், கிளியர் கோட் என்று மூன்று அடுக்கு இருக்கிறது. எர்த் கிடைக்காத மின்சாரம் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். பார்க்கிங் போட்டதும் சிவப்பு-வெள்ளை வழியாக மீட்டர் விளக்குக்குள் வந்து, கூட்டுக்குள் இறங்கி, எர்த் இல்லாததால் நீல விளக்கில் பின்பக்கமாக ஏறி, நீலம்-வெள்ளை வயர் வழியாக ஹெட்லைட்டின் பிரைட் இழைக்குப் போய், அங்கே எர்த் ஆகிறது. அதனால்தான் நீல விளக்கும் மீட்டர் விளக்குகளும் ஒன்றுக்கொன்று வரிசையில் நின்று மங்கலாக எரிகின்றன. லைட் சுவிட்சில் தப்பில்லை, வயர் மாறவும் இல்லை. மீட்டர் கூட்டிலிருந்து ஒரு கறுப்பு வயரைப் பாடிக்கு இழுங்கள். பாடியில் அந்தத் திருகு உட்காரும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் உலோகம் மின்னும் வரை சுரண்டி, நட்சத்திரப் பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். பெயிண்டர் மனசு நோகும். டாஷ்போர்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது.

எர்த் சரியா என்பதை எரிகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விளக்குகளைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் போஸ்டிலும் மற்றதை மீட்டர் கூட்டிலும் வையுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் நடுவில் எங்கோ பெயிண்டோ துருவோ இருக்கிறது. அதே சோதனையை ஹெட்லைட், டெயில் லைட் ஹோல்டர்களிலும் செய்யுங்கள், அவையும் பெயிண்ட் அடித்த இடங்கள்தான். லூகாஸை இருட்டின் இளவரசன் என்று ஆங்கிலேயர்களே கிண்டல் செய்வார்கள். நான் பார்த்தவரை அந்தக் கெட்ட பெயரில் பெரும்பகுதி துருப்பிடித்த எர்த்துக்குச் சேர வேண்டியது.

எஞ்சினையும் இறக்கி ஏற்றியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு எர்த் பட்டை உண்டு. அதை மாட்ட மறந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் அத்தனை கரண்டும் சோக் கேபிள் வழியாக டாஷ்போர்டுக்கு வர முயலும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சுட்டால் உடனே நிறுத்திவிட்டு அந்தப் பட்டையைத் தேடுங்கள்.

சிவப்பு விளக்கு வேறு கதை. அதன் ஒரு பக்கம் வெள்ளை, சாவியிலிருந்து வருவது. மறு பக்கம் எர்த்துக்குப் போவதில்லை, டைனமோவின் D-க்குப் போகிறது. அந்த வயர் வண்டியைப் பொறுத்து மஞ்சளாகவோ பிரவுனில் மஞ்சள் கோடாகவோ இருக்கும். எஞ்சின் நிற்கும்போது டைனமோ வழியாக எர்த் கிடைத்து விளக்கு எரிகிறது. ஓடி சார்ஜ் வந்ததும் இரண்டு பக்கமும் சம வோல்ட் ஆகிவிட, எரிய வழியில்லாமல் அணைகிறது. இதற்கு இரண்டு வயர் ஹோல்டர்தான் வேண்டும், அதன் உலோகம் கூட்டைத் தொடவே கூடாது. ஆயில் விளக்கும் அப்படியே: வெள்ளை ஒரு பக்கம், வெள்ளை-பிரவுன் மறு பக்கம். கழற்றிய ஹோல்டர்களை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்து, சிவப்பு விளக்குக்கு ஒற்றை வயர் ஹோல்டரை மாட்டியிருந்தால், சாவி போட்ட நேரமெல்லாம் அது எரிந்துகொண்டே இருக்கும். அதை முதலில் பாருங்கள். ஹோல்டர் சரி என்றால் எஞ்சினை நிறுத்தி, டைனமோவிலும் கட்-அவுட்டிலும் D வயரைக் கழற்றி, வயருக்கும் பாடிக்கும் கன்டின்யூட்டி பாருங்கள். சத்தம் வந்தால் வயர் எங்கோ உரசுகிறது. அதுவும் இல்லை என்றால் டைனமோ நிஜமாகவே சார்ஜ் செய்யவில்லை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பேட்டரி எர்த்தை யாராவது தலைகீழாக மாற்றியிருந்தாலும், வண்டி வருஷக்கணக்கில் நின்றிருந்தாலும் டைனமோவை போலரைஸ் செய்ய, அதாவது அதன் பிளஸ் மைனஸைப் பேட்டரிக்கு ஏற்ப அமைக்கத் தவறாதீர்கள்: F முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரால் டைனமோவின் F-ஐ ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும்.

பெட்ரோல் முள். உங்கள் மாடலில் ஸ்டெபிலைசர் (வோல்ட்டைச் சீராக்கும் பாகம்) இல்லாத பழைய வகை மீட்டர். B, T என்று இரண்டு முனை. B-க்கு பச்சை, T-க்கு பச்சை-கறுப்பு. இந்த வகையில் டேங்க் வயர் அறுந்தாலோ மாட்டப்படாமல் தொங்கினாலோ முள் ஃபுல் காட்டும். வயர் எர்த் ஆனால் காலி காட்டும். பிந்தைய மைனர்களில் வந்த, மெதுவாக ஏறும் முள் கொண்ட வகையில் இது அப்படியே தலைகீழ். இணையத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். உங்களுக்கு ஃபுல் என்றால் எங்கோ தொடர்பு விட்டிருக்கிறது. T-யிலிருந்து பச்சை-கறுப்பைக் கழற்றி, T-யை ஒரு கணம் பாடியில் தொட வையுங்கள். முள் காலிக்கு இறங்கினால் மீட்டர் நன்றாக இருக்கிறது. அடுத்து வயரை மீண்டும் மாட்டி, டேங்க் பக்கம் போய் அங்கே அதே சோதனை. பெட்ரோல் வாடை வரும் இடத்தில் பொறி வேண்டாம், சாவியை ஆஃப் செய்து வயரை எர்த்தில் கட்டிவிட்டு, பிறகு சாவி போட்டுப் பாருங்கள். அங்கேயும் இறங்கினால் மிச்சம் இருப்பது டேங்கில் பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்குச் சொல்லும் சென்டர் (sender) யூனிட்டும் அதன் எர்த்தும். டேங்குக்கும் பெயிண்ட் அடித்திருப்பார்களே?

வைப்பர், ஹார்ன் இரண்டிலும் ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் தலை சுற்றாது. சுவிட்ச் சப்ளையைத் துண்டிப்பதில்லை, எர்த்தைத்தான் சேர்க்கிறது. ஹார்னுக்குப் பர்ப்பிள் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும். பட்டனை அமுக்கினால் பர்ப்பிள்-கறுப்பு எர்த் ஆகி ஹார்ன் அடிக்கும். ஹார்ன் விடாமல் அலறினால் பர்ப்பிள்-கறுப்பு ஸ்டியரிங் தண்டின் குழாய்க்குள் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம். வைப்பரில் பச்சை மோட்டாருக்கு, கறுப்பு-பச்சை சுவிட்சுக்கு.

இண்டிகேட்டர் ஃப்ளாஷரில் மூன்று முனை: B-க்கு பச்சை, L-லிருந்து இளம்பச்சை-பிரவுன் ஸ்டியரிங்கில் இருக்கும் சுவிட்சுக்கு, P-யிலிருந்து இளம்பச்சை-பர்ப்பிள் டெல்-டேல் விளக்குக்கு, அதாவது இண்டிகேட்டர் அடிப்பதை ஓட்டுநருக்குக் காட்டும் விளக்குக்கு. 1961-க்கு முந்தைய மைனர்களில் தூணிலிருந்து கை நீட்டும் டிராஃபிகேட்டர் இருக்கும், உங்களுடையதில் இல்லை. எல்இடி பல்ப் போட்டால் இந்தப் பழைய ஃப்ளாஷர் ஒழுங்காக அடிக்காது. அது பல்ப் இழுக்கும் கரண்டின் சூட்டில் வேலை செய்வது. 21 வாட் சாதா பல்பே போடுங்கள்.

கடைசியில் ஒரு பச்சை வயர் எங்கும் மாட்டப்படாமல் மிஞ்சினால் பதறாதீர்கள். ஹீட்டர் மோட்டாருக்கும் சப்ளை பச்சையில்தான் போகும். நம்ம ஊர் வெயிலில் ஹீட்டரை யாராவது எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். நுனியில் ஸ்லீவ் போட்டு, ஹார்னஸோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். சாவி போட்டால் அதில் கரண்ட் இருக்கும், அதனால் திறந்து விடக் கூடாது. மிஞ்சுவது வேறு நிறமாக இருந்தால், அடிப்படை நிறம், கோட்டின் நிறம், சாவி ஆஃபில் அதில் வோல்ட் இருக்கிறதா, ஆனில் இருக்கிறதா என்ற நான்கையும் குறித்துக் கேளுங்கள், சொல்கிறேன்.